இரண்டு விநாடி பாக்கி

ஒரு பன்னிரண்டு சுற்றுக் குத்துச்சண்டையில் மொத்தம் எத்தனை விநாடி? சுற்றுக்கு மூன்று நிமிடம். ஆக முப்பத்தாறு நிமிடம். விநாடிக் கணக்கில் 2160.

1990 மார்ச் 17 இரவு, லாஸ் வேகஸ் ஹில்டன் ஹோட்டலில் நடந்த சண்டை 2158 விநாடி நடந்தது. அதில் முக்கால்வாசிக்கும் மேல் ஜெயித்துக்கொண்டிருந்தவர் ஒருவர். கடைசியில் ஜெயித்தவர் வேறொருவர். மிச்சமிருந்த அந்த இரண்டு விநாடிக்கு இன்றுவரை கணக்கு நேராகவில்லை.

ஜெயித்தவர் பெயர் ஹூலியோ செசார் சாவேஸ். மெக்ஸிகோக்காரர். ஆங்கிலத்தில் எழுதினால் ஜூலியோ என்றுதான் வாயில் வரும். ஸ்பானிய மொழியில் அந்த 'ஜூ', 'ஹூ'வாகிவிடும். நமக்குக் குத்துச்சண்டை என்றால் முகமது அலி, மிஞ்சிப்போனால் மைக் டைசன். 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு வடசென்னையின் பழைய பரம்பரைகளையும் சேர்த்துக்கொண்டோம். சாவேஸை நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. மெக்ஸிகோவில் கேட்டுப் பாருங்கள். சச்சின் டெண்டுல்கர் பற்றி நாம் பேசுகிற அதே குரலில் பேசுவார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கண்ணீரும் வரும். ஏன் என்பதுதான் விஷயம்.

*

1962 ஜூலை 12, சியுதாத் ஒப்ரெகோன் என்கிற ஊரில் பிறந்தார். வளர்ந்தது சினலோவா மாநிலத்தின் தலைநகரான குலியகானில். அப்பா ரயில்வே தொழிலாளி. ரயில்வே தொழிலாளி என்றால் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்குமே என்று நினைப்போம். இவர்களுக்குக் கிடைத்தது, ஓடாமல் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு ரயில் பெட்டி. அப்பா, அம்மா, பத்துப் பிள்ளைகள். அந்தப் பெட்டிதான் வீடு.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வெளியே போக அந்த ஊரில் இரண்டு மூன்று வழிகள்தான். குலியகான், போதைப்பொருள் வியாபாரத்துக்குப் பேர்போன நகரம். அது ஒரு வழி. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போவது இன்னொன்று. மூன்றாவது, கையில் உறை மாட்டிக்கொள்வது. அண்ணன்கள் ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள். தம்பி பின்னாலேயே போனார்.

1980 பிப்ரவரியில், பதினேழு வயதில், காசுக்கு முதல் சண்டை. அந்த வருடத் தொடக்கத்தில்தான் முகமது அலி நம் மெட்ராஸுக்கு வந்திருந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆர். வந்து பார்த்தார். இங்கே ஒரு சகாப்தம் முடிந்துகொண்டிருந்த நேரத்தில், உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு பையன் பேர் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் மேடை ஏறினான். யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். 1981-இல் மிகேல் ரூயிஸ் என்பவரோடு சண்டை. முதல் சுற்று முடிகிற மணி அடித்த பிறகு சாவேஸ் விட்ட குத்தில் ரூயிஸ் விழுந்தார். மணி அடித்த பிறகு அடிப்பது தப்பு. சாவேஸ் தகுதி நீக்கம், ரூயிஸுக்கு வெற்றி என்று அறிவித்தாயிற்று. மறுநாள் அந்தத் தீர்ப்பு தலைகீழானது. உள்ளூர்க் குத்துச்சண்டை ஆணையம் உட்கார்ந்து, அது சாவேஸுக்கு நாக் அவுட் வெற்றி என்று மாற்றி எழுதியது. அந்த ஆணையத்தில் ஓர் உறுப்பினர், சாவேஸின் மேனேஜர் ரமோன் ஃபெலிக்ஸ்.

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: தொடக்க இருப்பு தப்பாக இருந்தால் கடைசிவரை எல்லாப் பக்கமும் தப்பாகத்தான் வரும். பின்னாளில் தொண்ணூறு சண்டையில் தோல்வியே இல்லை என்று உலகமே கொண்டாடிய பேரேட்டில், இரண்டாவது பக்கத்திலேயே இப்படி ஓர் அடித்தல் திருத்தல். சாவேஸ் பெரிய ஆள்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் இதையும் எழுதிவைப்பதுதான் முறை.

*

சாவேஸ் வளர்ந்த காலத்தில் மெக்ஸிகோ என்ன நிலைமையில் இருந்தது?

1982 ஆகஸ்டில் மெக்ஸிகோ அரசு கையை விரித்தது. வாங்கிய வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. கடன் சுமார் 80 பில்லியன் டாலர். அடுத்த மாதமே வங்கிகள் அரசுடைமை. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு இருபத்தாறு, இருபத்தேழு பெசோ. 1987 கடைசியில் இரண்டாயிரத்துக்கும் மேல். நம் வீட்டுப் பெரியவர்கள் தபாலாபீஸில் போட்டு வைத்த பணம், ஐந்து வருடத்தில் டாலர் கணக்கில் எண்பதில் ஒரு பங்காகச் சுருங்கினால் எப்படி இருக்கும்? நடுவில் 1985 செப்டம்பரில் தலைநகரையே உலுக்கிய பூகம்பம் வேறு.

இப்படி எல்லா மதிப்பும் சரிந்துகொண்டிருந்த தேசத்தில், சரியாத ஒரே எண் சாவேஸின் கணக்கு. முப்பது பூஜ்யம். நாற்பது பூஜ்யம். ஐம்பது பூஜ்யம். ஜனங்கள் அந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெசோவை நம்ப முடியவில்லை, அரசாங்கத்தை நம்ப முடியவில்லை, இந்தாளை நம்பலாம்.

1984 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் மரியோ மார்ட்டினெஸை எட்டாவது சுற்றில் வீழ்த்தி முதல் உலகப் பட்டம். 130 பவுண்டு, அதாவது 59 கிலோ எடைப் பிரிவு. 1987 நவம்பரில் எட்வின் ரொசாரியோவைப் பதினோராவது சுற்றில் சாய்த்து இரண்டாவது எடைப் பிரிவில் பட்டம். 1989-இல் ரோஜர் மேவெதரைப் பத்து சுற்றோடு உட்கார வைத்து மூன்றாவது.

அவருடைய சண்டை பார்க்க அழகாக இருக்காது. அலி மாதிரி நடனம் கிடையாது. நேராக வருவார். வந்துகொண்டே இருப்பார். தலையைக் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தி, நாலு அடியில் மூன்றைத் தவிர்த்து, ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவார். நுழைந்ததும் முகத்தைத் தேட மாட்டார். இடது கையை வளைத்து, எதிராளியின் வலது பக்க விலாவுக்குக் கீழே ஒன்று இறக்குவார். அங்கேதான் கல்லீரல் இருக்கிறது.

முகத்தில் அடி விழுந்தால் தலை கிறுகிறுக்கும், சமாளிக்கலாம். கல்லீரலில் விழுந்தால் ஒரு கணம் எதுவுமே தெரியாது. அப்புறம்தான் வலி வரும். வந்தால் கால் மடங்கும், மூச்சு நிற்கும். மன உறுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடம்பு ராஜினாமா கொடுத்துவிடும். முதல் ஐந்து சுற்று இந்த மாதிரி தவணை தவணையாகப் போட்டு வைப்பார். கடைசிச் சுற்றுகளில் வட்டியோடு வசூல்.

*

மெல்ட்ரிக் டெய்லருக்கும் அதுதான் நடந்தது.

டெய்லர் அமெரிக்கர், ஃபிலடெல்ஃபியா. பதினேழு வயதில் 1984 ஒலிம்பிக்ஸில் தங்கம். அவரும் தோல்வியே காணாதவர். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். கண்ணிமைக்கிற நேரத்தில் நாலு குத்து. இருவரும் 140 பவுண்டு பிரிவில் ஆளுக்கொரு அமைப்பின் பட்டம் வைத்திருந்தார்கள். யார் அசல் சாம்பியன் என்று பார்த்துவிடலாம் என்றுதான் அந்த மார்ச் 17 ஏற்பாடு.

பதினோரு சுற்று முடிந்தபோது மூன்று நீதிபதிகளில் இருவர் டெய்லருக்கு அசைக்க முடியாத முன்னிலை கொடுத்திருந்தார்கள். 107-102, 108-101. ஒருவர் மட்டும் சாவேஸ் ஒரு புள்ளி முன்னால் என்று போட்டிருந்தார். அதாவது கடைசிச் சுற்றில் டெய்லர் சும்மா ஓடிப் பிடித்து விளையாடினாலே போதும். நின்றுகொண்டிருந்தால் போதும்.

ஆனால் புள்ளிக்கணக்கு மேடையில் யாருக்கும் தெரியாது. டெய்லரின் முகம் அப்போது பார்க்கச் சகிக்காது. சாவேஸ் அடித்தது எண்ணிக்கையில் குறைவு. விழுந்த ஒவ்வொன்றும் எலும்பைத் தேடிப் போய் விழுந்தது. வாய்க்குள் கொட்டிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டே சண்டை போட்டார். இந்த நிலையில் அவருடைய பயிற்சியாளர் லூ டுவா, கடைசிச் சுற்றையும் ஜெயித்தாக வேண்டும், போய் அடி என்று அனுப்பிவைத்தார்.

போனார். முடிய இருபது விநாடிகூட இல்லாத நேரத்தில், மூலையில் சாவேஸின் வலது கை நேராக வந்து இறங்கியது. டெய்லர் விழுந்தார். கயிற்றைப் பிடித்து எழுந்தும்விட்டார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் எட்டுவரை எண்ணி, முகத்துக்கு நேரே குனிந்து, பரவாயில்லையா என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டார். டெய்லரின் கண் அவரைப் பார்க்கவில்லை. மேடையின் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்த டுவாவின் பக்கம் போனது. ஸ்டீல் இரண்டு கையையும் வீசிச் சண்டையை நிறுத்தினார்.

கடிகாரத்தில் இரண்டு விநாடி பாக்கி.

அன்றைக்கு ஆரம்பித்த பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. இரண்டு விநாடியில் சாவேஸ் ஓடி வந்து இன்னொரு குத்து விட்டிருக்கவே முடியாது, மணி அடித்திருக்கும், டெய்லர் ஜெயித்திருப்பார் என்பது ஒரு கட்சி. நடுவருக்குக் கடிகாரம் பார்க்கிற வேலை இல்லை, எதிரில் நிற்பவன் கண்ணைப் பார்ப்பதுதான் வேலை என்பது இன்னொரு கட்சி. ஸ்டீல் கடைசிவரை சொன்னதும் அதுதான். ஒரு மனிதனின் உயிரைவிட எந்தச் சண்டையும் பெரிதில்லை.

என் ஓட்டு ஸ்டீலுக்கு. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

*

அடுத்த மூன்று வருடம் சாவேஸ் ராஜா. 1992 செப்டம்பரில் போர்ட்டோ ரிகோவின் ஹெக்டர் கமாச்சோவைப் பன்னிரண்டு சுற்றும் துரத்தித் துரத்தி அடித்தார். ஊர் திரும்பியபோது ஜனாதிபதி கார்லோஸ் சலினாஸ், போப் வந்தால் உபயோகிக்க வைத்திருந்த காரை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவைத்தார் என்பார்கள்.

சலினாஸ் சாதாரணப்பட்ட ஆள் இல்லை. ஹார்வர்டில் படித்த பொருளாதார நிபுணர். 1988-இல் அவர் ஜெயித்த தேர்தலில், ஓட்டு எண்ணிக்கை நடக்கும்போதே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று அறிவித்தார்கள். அது எழுந்தபோது சலினாஸ் ஜெயித்திருந்தார். (மிகேல் ரூயிஸ் ஞாபகம் வருகிறதா?) அரசு நிறுவனங்களை விற்றார், எல்லைகளைத் திறந்தார், பணவீக்கத்தை அடக்கினார். 1993 ஜனவரி முதல் தேதி, ஆயிரம் பழைய பெசோ இனி ஒரு புதிய பெசோ என்று மூன்று பூஜ்யத்தை வெட்டினார். இந்தியாவில் 1991-இல் தங்கத்தை டன் கணக்கில் லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்துவிட்டு நாம் தொடங்கிய அதே பயணம்தான். அவர்கள் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். மெக்ஸிகோ பணக்கார நாடாகப் போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். நம்புவதற்கு ஒரு முகம் வேண்டுமே. சாவேஸின் முகம் இருந்தது. சலினாஸின் நண்பர் என்றே ஊர் அவரைச் சொன்னது.

1993 பிப்ரவரி 20. மெக்ஸிகோ நகரம், அஸ்டெக்கா கால்பந்து மைதானம். எதிராளி அமெரிக்காவின் கிரெக் ஹாகன். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. சாவேஸ் இதுவரை ஜெயித்ததெல்லாம் தன் அம்மாகூட அடித்துவிடக்கூடிய டிஹுவானா டாக்ஸி டிரைவர்களை என்றார். மைதானத்தை நிரப்புகிற அளவுக்கு டிக்கெட் வாங்க வசதியுள்ள மெக்ஸிகோக்காரர்கள் கிடையாது என்றும் சொல்லிவைத்தார்.

வந்தவர்கள் 1,32,000-க்கும் மேல். நம் சேப்பாக்கம் மைதானத்தைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். 1926-இல் டெம்ப்ஸி, டன்னி சண்டைக்குக் கூடிய கூட்டத்தின் சாதனை உடைந்தது. சாவேஸ் ஐந்தாவது சுற்றில் கதையை முடித்தார். ஹாகன் அப்புறம் ஒத்துக்கொண்டார்: அந்த டாக்ஸி டிரைவர்கள் ரொம்பக் கெட்டிக்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் அவருடைய சண்டைகளை நடத்தியவர் டான் கிங். தலைமுடி செங்குத்தாக நிற்குமே, அவர்தான். 1991-இல் சாவேஸுக்குப் பயிற்சியில் காயம் பட்டு ஒரு சண்டை ரத்தானது. பயிற்சிச் செலவுக்குச் சாவேஸுக்கு மூன்றரை லட்சம் டாலர் கொடுத்துவிட்டேன் என்று ஒப்பந்தத்தில் காட்டி கிங் லாயிட்ஸ் இன்ஷூரன்ஸில் பணம் வாங்கினார், கொடுத்ததே பொய் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. முதல் விசாரணை முடிவில்லாமல் போனது. இரண்டாவதில், 1998-இல், கிங் விடுதலை. அடி வாங்கியவர் யார், ரசீது யார் கையில் என்பதற்கு அந்த வழக்கு ஒரு நல்ல பாடம்.

*

1993 செப்டம்பரில் பெர்னல் விட்டேகரோடு மோதினார். பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேகர்தான் ஜெயித்தார் என்றார்கள். நீதிபதிகள் சமன் என்றார்கள். சாவேஸின் பூஜ்யம் தப்பியது. பேர் கொஞ்சம் கெட்டது.

1994 ஜனவரி 1. அமெரிக்கா, கனடாவோடு செய்துகொண்ட தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாள். அதே நாள் தெற்கே சியாபாஸ் மாநிலத்தில் முகமூடி அணிந்த பழங்குடி விவசாயிகள் துப்பாக்கியோடு ஊர்களைப் பிடித்தார்கள். பணக்கார மெக்ஸிகோவின் முதல் நாளிலேயே ஏழை மெக்ஸிகோ கதவைத் தட்டியது.

அதே மாதம் 29-ஆம் தேதி, லாஸ் வேகஸில் ஃபிராங்கி ராண்டல் என்பவர், அதுவரை யாரும் செய்யாததைச் செய்தார். பதினோராவது சுற்றில் சாவேஸைக் கீழே விழ வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. இடுப்புக்குக் கீழே அடித்ததற்காக நடுவர் சாவேஸுக்கு இரண்டு புள்ளி வெட்டியிருந்தார். தீர்ப்பு ராண்டலுக்கு. அந்த இரண்டு புள்ளிதான் என்னைத் தோற்கடித்தது என்று சாவேஸ் கொதித்தார்.

நடுவர் யார் தெரியுமா? ரிச்சர்ட் ஸ்டீல். அவரேதான். இரண்டு விநாடியைக் கொடுத்தவர் இரண்டு புள்ளியை எடுத்துக்கொண்டார்.

அந்த வருடம் மார்ச்சில் சலினாஸ் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் கொலோசியோ பொதுக்கூட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில், சலினாஸ் பதவியிலிருந்து இறங்கிய சில நாளில், பெசோ மறுபடி விழுந்தது. சில மாதத்தில் மதிப்பு பாதி. அமெரிக்கா உள்ளிட்டவர்கள் 50 பில்லியன் டாலர் உதவி அறிவித்துத் தூக்கி நிறுத்தினார்கள். சலினாஸின் அண்ணன் ஜெயிலுக்குப் போனார். சலினாஸ் நாட்டைவிட்டுக் கிளம்பி அயர்லாந்தில் போய் இருந்தார். போப் காரை அனுப்பியவருக்கு ஊரில் இருக்க இடமில்லை.

சாவேஸ் எங்கும் போகவில்லை. சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். அங்கேதான் தப்பு. 1996 ஜூனில் ஆஸ்கார் டி லா ஹோயா. அமெரிக்காவில் பிறந்த மெக்ஸிகோ வம்சத்துப் பையன், இருபத்து மூன்று வயது. முதல் நிமிடத்திலேயே சாவேஸின் புருவம் கிழிந்தது. நாலாவது சுற்றில் நிறுத்திவிட்டார்கள். 1998-இல் மறுபடி அவரிடமே தோல்வி. 2000-இல், முப்பத்தெட்டு வயதில், கோஸ்ட்யா ஸூவிடம் அடி. 2005 செப்டம்பரில் கிரோவர் வைலி என்கிற அதிகம் கேள்விப்படாத ஒருவரிடம், கையில் அடிபட்டு நாற்காலியிலிருந்து எழாமலே முடிந்தது. 115 சண்டை. 107 வெற்றி, 6 தோல்வி, 2 சமன்.

இதற்கு நடுவில் குடி, கோகைன். அவரே பின்னாளில் பேட்டிகளில் ஒளிக்காமல் சொன்னார். உச்சியில் இருந்தபோதே பழக்கம் பிடித்துக்கொண்டது, விடவில்லை. கடைசியில் மகன்கள்தான் கொண்டுபோய் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். மீண்டு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. குலியகானிலும் டிஹுவானாவிலும் போதை மறுவாழ்வு மையங்களைத் தொடங்கினார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் காட்சிச் சண்டைகளுக்காகத் தலையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு மறுபடி மேடை ஏறினார். வந்த பணம் அந்த மையங்களுக்கு. அவர் வாழ்க்கையிலேயே ரொம்ப உருப்படியான சண்டை அதுதான் என்பேன்.

*

தரமணியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தின் ராத்திரி வாட்ச்மேன் ஒரு பெரியவர். பூர்வீகம் ராயபுரம். இளவயதில் கையில் உறை மாட்டியவர். மூக்கைப் பார்த்தாலே தெரியும். பறக்கும் ரயிலுக்குக் காத்திருக்கும்போது டீக்கடையில் பழக்கம். டெய்லர் சண்டையை செல்போனில் போட்டுக் காட்டினேன். கடைசிச் சுற்றை இரண்டு தடவை பார்த்தார்.

"நிறுத்தினது கரெக்ட்டுதாங்களா ஐயா?" என்றேன்.

"இன்னா சார் கேக்குற? அவன் கண்ணப் பாத்தியா? உள்ள ஆளே இல்ல. அந்த ரெண்டு செகண்டுக்கு முன்னாடி இல்ல, ரெண்டு ரவுண்டுக்கு முன்னாடியே நிறுத்தியிருக்கணும்."

டெய்லரை அன்றைக்கு நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். முகத்தில் எலும்பு முறிவு. சிறுநீரில் ரத்தம். அப்போது வயது இருபத்து மூன்று. அப்புறமும் ஒரு பட்டம் ஜெயித்தார். ஆனால் பழைய டெய்லர் திரும்பி வரவில்லை. பிற்பாடு தொலைக்காட்சிப் படம் ஒன்றில் அவர் பேசியதைக் கேட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள். வார்த்தைகள் குழறின.

வெற்றி தோல்வியை எழுதி வைக்கிற கணக்கில், சாவேஸ் பக்கத்தில் அன்றைக்கு ஒரு வெற்றி கூடியது. டெய்லர் பக்கத்தில் ஒரு தோல்வி. அவ்வளவுதான். அந்த 2158 விநாடியில் டெய்லர் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டதை எழுத அந்தப் புத்தகத்தில் பத்தியே கிடையாது. மிச்ச இரண்டு விநாடியையும் ஸ்டீல் ஓட விட்டிருந்தால் டெய்லர் சாம்பியன் ஆகியிருப்பார். ஒருவேளை. இல்லாவிட்டால் இன்னும் ஒரே ஒரு குத்து. அதற்குத்தான் நான் அந்தப் பக்கம் ஓட்டுப் போட மாட்டேன் என்றேன்.

பெரியவர் டீ கிளாஸை வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார். போகும்போது கேட்டார்: "அந்தப் பையன் இப்ப நல்லாக் கீறானா சார்?"

ஜெயித்தவரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.